சாமவை தந்த வெள்ளித் திருமேனி

திருமலையில் வரிசையில் நின்று நகர்ந்து கருவறை வாசலை எட்டியவருக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். "ஜரகண்டி, ஜரகண்டி" என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த விநாடிகளில் கண் மூலவரின் திருமுகத்துக்குப் போகும். திருநாமத்தை விட்டுப் பார்வை கீழே இறங்குவதற்குள் ஆள் வெளியே வந்திருப்பார். மூலவரின் திருவடியருகே எழுந்தருளியிருக்கும் சிறிய வெள்ளித் திருமேனி பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

போக ஸ்ரீநிவாசர் என்பது அவருடைய திருநாமம். சம்பந்த கூர்ச்சம் என்னும் புனிதக் கயிறு அவரை மூலவரோடு இணைத்திருக்கிறது. மாட வீதிகளில் வாகனம் ஏறி வரும் மலையப்ப சுவாமியை ஊர் உலகமே அறியும். இவர் வெளியே வருவதில்லை. மலைமேல் நடக்கும் அன்றாட வழிபாட்டின் பெரும் பகுதி மட்டும் இவரைச் சுற்றியே நடக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் திருமேனியைச் செய்து கொடுத்தவர் ஒரு பெண். அவர் யார் மகள், யார் மனைவி, என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதெல்லாம் அதே கோயிலின் சுவரில் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பொருள் தன்னைத் தந்தவரின் குடும்பக் கதையையும் இத்தனை காலம் கூடவே கொண்டுவருவது அபூர்வம். அந்தப் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

கல்வெட்டில் அவர் பெயர் சாமவை. காடவன் பெருந்தேவி என்ற சிறப்புப் பெயரும் சேர்ந்து வருகிறது. பல்லவப் பேர்க்கடையாரின் மகள். சத்திவிடங்கன் என்ற ஸ்ரீகாடபட்டிகளின் தேவி. முதல் திருச்சுற்றில் உள்ள இரண்டு கல்வெட்டுகள் அவருடைய கொடைகளைச் சொல்கின்றன. திருவேங்கடத்து எம்பெருமானைப் போலவே வெள்ளியில் ஒரு திருமேனி செய்வித்து, மணவாளப் பெருமாள் என்று பெயரிட்டுத் திருவிளங்கோயில் என்ற பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தார். வெள்ளியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. திருமுடி, மகர குண்டலம், கழுத்தணிகள், உதரபந்தம், தோள்வளை, கைவளை, பாதச் சதங்கை, பின்னே பிரபை என்று தலையிலிருந்து கால்வரை பொன்னால் அணிவித்தார். எந்த நகையில் எத்தனை வைரம், எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம் என்பது கணக்காகக் கல்லில் ஏறியிருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகையை வீட்டுப் பெரியவர்கள் உருப்படி உருப்படியாக எழுதிவைப்பார்களே, அதே கவனம் அந்தப் பட்டியலில் தெரிகிறது.

அடுத்து நித்தியப்படி. நாள்தோறும் நான்கு நாழி அரிசிக்கு அமுது. அணையாமல் எரிய ஒரு நந்தா விளக்கு. இரண்டு அயன சங்கராந்தியிலும் இரண்டு விஷுவிலும் திருமஞ்சனம். புரட்டாசியில் திருவிழா. மார்கழியில் முக்கோடி துவாதசியை ஒட்டி இன்னொரு திருவிழா. இதற்கெல்லாம் முதல் வேண்டுமே! திருச்சுகனூர்ச் சபையாரிடம் நிலத்தை விலைக்கு வாங்கிக் கோயிலுக்கு விட்டார். திருச்சுகனூர் என்பது இன்றைய திருச்சானூர். பிறகு மேலும் நிலம் விட்டார். விழா எடுத்தவர் காலத்துக்குப் பிறகும் விழா நிற்கக் கூடாது என்று நினைத்தவர் செய்கிற வேலை இது. திருமலைப் பிரம்மோற்சவத்தின் வரலாற்றை எழுதும் யாரும் சாமவையின் கல்வெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கங்காதர நெல்லூரிலும் பெனுமூரிலும் கார்வேட்டிநகரத்திலும் புரட்டாசிச் சனிக்கிழமை தளிகை போடும் வீடுகள் இன்றும் ஏராளம். நாமம் இட்ட பிள்ளைகள் செம்பேந்தி "கோவிந்தா" என்று அரிசி கேட்டு வரும் மாதம் அது. அந்த மாதத்துக்கு மலைமேல் ஒரு திருவிழாவை நிலம் எழுதிவைத்து உறுதிப்படுத்தியவர் இந்தப் பெண்.

காலம் எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. கல்வெட்டு ஒரு மன்னனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அவன் பெயரைக் கோப்பாத்ர மகேந்திர பன்மர் என்று படித்தவர்கள், இது மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 614ஆம் ஆண்டு என்றார்கள். தேவஸ்தானமும் அந்த ஆண்டையே சொல்லிவருகிறது. கோப்பார்த்திவேந்திர பன்மர் என்று கொண்டவர்களோ 966ஆம் ஆண்டையொட்டி வைக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சியே சரியாகப் படுகிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் சுருக்கமானவை, வடமொழியில் அமைந்தவை. சபையாரிடம் நிலம் வாங்கியதையும், விளக்கு, அமுது, திருமஞ்சனம் என்று இனம் பிரித்து முதல் ஒதுக்கியதையும் விரிவாகத் தமிழில் எழுதும் வழக்கம் 9, 10ஆம் நூற்றாண்டுகளில்தான் தொண்டை மண்டலம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பார்த்திவேந்திரவர்மன் என்ற பெயரில் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் தொண்டை மண்டலத்தில் நிறையவே உண்டு.

இந்தக் காலத்தை ஏற்றுக்கொண்டால் சாமவையின் வீட்டு நிலைமையும் பிடிபடுகிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் அபராஜித பல்லவனை வென்றதோடு பல்லவப் பேரரசு முடிந்துபோனது. சோழர்கள் தொண்டை மண்டலத்தில் வேர்விடத் தொடங்கிய நேரத்தில், 949இல் தக்கோலப் போர் வந்தது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதிய சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேலேயே உயிர் விட்டான். அந்தப் போர் நடந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் சாமவை கொடை கொடுக்கிறார். காடவன், காடபட்டி என்ற பெயர்கள் பல்லவ மரபைச் சேர்ந்தவை. தந்தையின் பெயரிலேயே பல்லவர் இருக்கிறார்கள். பிறந்த வீடும் புகுந்த வீடும் அரசு கைவிட்டுப்போன பழைய குலத்தின் கிளைகள் என்று இதிலிருந்து கொள்ளலாம். பேரரசின் பெயர் மறைந்துகொண்டிருந்த நாட்களில், அந்தக் குலத்துப் பெண் ஒருத்தி தன் தந்தை பெயரையும் கணவர் பெயரையும் தன் பெயரையும் திருவேங்கடத்துக் கல்லில் ஏற்றிவிட்டார். சத்திவிடங்கன் எந்தப் போரில் வென்றான் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. சாமவையின் கணவர் என்ற வகையில் அவன் பெயர் இன்றும் நிற்கிறது.

சாமவைக்கு ஒரு தலைமுறை கழித்து அதே மலைக்கு இன்னொரு தேவியின் கொடை வந்தது. முதலாம் இராஜராஜனின் 16ஆம் ஆட்சியாண்டில் பராந்தகன் தேவி அம்மன் திருவேங்கடமுடையானுக்குப் பொன் பட்டம் சாத்தினார். அந்தக் கல்வெட்டும் இதே முறையில் பேசுகிறது: சேரமானார் மகள், பொன்மாளிகைத் துஞ்சின தேவரின் தேவி. பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்றால் சுந்தர சோழன்.

இந்தத் தேவியின் புகுந்த வீட்டு உறவுகளைப் பிடித்துக்கொண்டு போனால் சித்தூர்ச் சீமைக்கே வந்து சேர்கிறோம். சுந்தர சோழனின் தந்தை அரிஞ்சயன். அவனுக்காகப் பேரன் இராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் மேல்பாடியில் இருக்கிறது. சித்தூரில் நீவா என்று பெயர் பெற்று ஓடும் ஆறு பொன்னையாறாக மாறி அந்த மேல்பாடியைத் தொட்டுப் போகிறது. சுந்தர சோழனின் தாய் கல்யாணி, வைதும்பர் குலத்துப் பெண் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. வைதும்பர்கள் மதனப்பள்ளிப் பக்கத்துச் சிப்பிலியைச் சுற்றியும் அதற்கு வடக்கே ரேநாட்டிலும் ஆண்ட குறுநில மன்னர்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனின் அப்பாயி இந்த மேட்டு நிலத்துக் குடும்பத்தில் பிறந்தவர். வம்ச வரிசையை மன்னர் பெயர்களாக மட்டும் படித்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது. தாய், பாட்டி என்று பெண் வழியில் நடந்தால்தான் தஞ்சையும் மதனப்பள்ளியும் சம்பந்தி வீடுகள் என்பது விளங்கும்.

மறுபடி வெள்ளித் திருமேனிக்கு வருவோம். வைகானச ஆகமப்படி ஒரு பெருமாள் கோயிலில் மூலவரோடு வேறு சில திருமேனிகளும் இருக்க வேண்டும். அன்றாட ஆராதனைக்குக் கௌதுக பேரம், திருமஞ்சனத்துக்கு ஸ்நபன பேரம், வீதி உலாவுக்கு உற்சவ பேரம், பலிக்குப் பலி பேரம். மூலவரை அசைக்க முடியாது. அவருக்கு வெள்ளிக்கிழமைதான் அபிஷேகம். தினமும் நீராட்ட வேண்டும், அமுது செய்விக்க வேண்டும், இரவில் பள்ளி கொள்ளச் செய்ய வேண்டும் என்றால் அதற்கு எழுந்தருளக்கூடிய ஒரு திருமேனி தேவை. சாமவை தந்தது அந்தத் திருமேனி.

முதலில் விழாக் காலப் பொறுப்பும் இந்த வெள்ளித் திருமேனியிடமே இருந்தது. பிற்காலத்தில் உக்ர ஸ்ரீநிவாசர் உற்சவராக விளங்கினார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு மலைகுனிய நின்ற பெருமாள் என்று கல்வெட்டுகள் சொல்லும் மலையப்ப சுவாமிக்கு வந்தது. அவர் பெயர் 14ஆம் நூற்றாண்டிலிருந்து காணப்படுகிறது. வீதி உலா கைமாறிய பிறகு போக ஸ்ரீநிவாசரின் இடம் கருவறையோடு இன்னும் நெருக்கமானது. ஆகாச கங்கைத் தீர்த்தத்தில் அன்றாடத் திருமஞ்சனம் இவருக்கே. கருவறையிலிருந்து சயன மண்டபம்வரை போய்த் திரும்புவதுதான் இப்போது இவருடைய நித்தியப் பயணம்.

இடையில் ஒரு பெரிய ஆபத்தும் கடந்துபோனது. அந்த ஆபத்து வெள்ளிக்கு வரவில்லை, பெயருக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் வீரநரசிங்க யாதவராயன் ஆண்டபோது கோயிலைப் புதுப்பிக்கும் திருப்பணி நடந்தது. பழைய சுவரைப் பிரித்தால் அதில் உள்ள எழுத்தும் போய்விடும். திருப்பணியை முன்னின்று நடத்திய திருப்புல்லாணி தாசர் மன்னனிடம் அனுமதி பெற்று, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்தார். கோயிலுக்குத் தங்கம் கொடுத்தவர்களையும் கோபுரம் எழுப்பியவர்களையும் கொண்டாடுகிறோம். யாரோ பழையவர்கள் எழுதிவைத்ததைத் தூக்கி எறியாமல் திருப்பி எழுதிய இந்த மனிதரையும் அதே வரிசையில் வைத்துத்தான் கும்பிட வேண்டும். படியெடுத்து வெட்டும்போது ஒரு பெயரில் ஓரெழுத்து முன்பின் ஆகலாம். பிற்காலத்தார் அதைப் பற்றி விவாதிக்கலாம். ஒன்றுமே மிஞ்சாமல் போயிருந்தால் விவாதிக்கவும் ஏதுமிருக்காது.

16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்து அரசிகள் வந்தார்கள். 1513இல் கிருஷ்ணதேவராயர் முதல்முறை மலையேறியபோது திருமலாதேவியும் சின்னாதேவியும் உடன் வந்து பொற்கிண்ணங்கள் சமர்ப்பித்தார்கள். 1517இல் மன்னருக்கும் இரு தேவியருக்கும் செப்புத் திருவுருவங்கள் வைக்கப்பட்டன. கைகூப்பி நிற்கும் அந்த மூவரையும் மகா துவாரத்தைத் தாண்டியதும் இன்றும் பார்க்கலாம். உருவத்தில் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. திருமலாதேவி ஸ்ரீரங்கப்பட்டணத்து அரசரின் மகள் என்கிறார்கள். சின்னாதேவியின் பிறந்த வீடு எது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. தென்னிந்தியாவின் மிகப் பெரிய மன்னரின் அரசிக்கு முகம் கிடைத்திருக்கிறது, பிறந்த வீடு கிடைக்கவில்லை. அவருக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட சிற்றரசர் மனைவி சாமவைக்கு முகம் கிடைக்கவில்லை, பிறந்த வீடு கிடைத்திருக்கிறது. எழுத்து செய்யும் காரியத்தைச் செப்பும் பொன்னும் செய்வதில்லை.

பழங்காலப் பெண்ணின் குடும்பத்தைத் தேடுவது எல்லா நாட்டிலும் கஷ்டமான வேலை. சுவீடனில் அதற்கு ஒரு நல்ல வழி அமைந்தது. 1686இல் அந்த நாட்டில் வந்த திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்குக் குருவும் தன் பங்கில் நடக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. வீடு வீடாகப் போய் மறைக்கல்வி விசாரித்துக் குடும்பத்தார் பெயரை எழுதும் ஏடும் உண்டு. உழவர் வீட்டுப் பெண்ணானாலும், பண்ணை வேலைக்காரியானாலும், எந்த வீட்டில் இருந்தாள், எந்த ஊருக்குப் போனாள் என்று அந்த ஏடுகளைக் கொண்டு பின்தொடரலாம். இன்னொரு வசதியும் இருந்தது. தந்தையின் பெயரோடு 'தோத்தர்' சேர்த்து, ஆண்டர்ஸ் மகள், நில்ஸ் மகள் என்றே அங்கே சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் அறியப்பட்டார்கள். கல்யாணம் ஆனாலும் அந்தப் பெயர் மாறவில்லை. கணவனை இழந்து மறுமணம் செய்தாலும் பிறந்த வீட்டு அடையாளம் அவளோடேயே வரும். பழைய ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயர் மட்டும் இருக்கும், தாய் பெயர் விட்டுப்போயிருக்கும். அந்தக் குறை அங்கும் உண்டு.

அந்தச் சுவீடிஷ் ஏடுகள் நிரம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் பக்கத்திலும் ஒரு பெண் தன் குலத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டிருந்தார். தரிகொண்டா வெங்கமாம்பா 1730இல் வாயல்பாடு அருகே குர்ரம்கொண்டாக் கோட்டைக்குப் பக்கத்து ஊரில் பிறந்தார்.

வசிஷ்ட கோத்திரம். தந்தை கிருஷ்ணய்யா, தாய் மங்கமாம்பா. சிறு வயதிலேயே மணம் முடிந்தது, சிறு வயதிலேயே கணவரும் போய்விட்டார். தலை மழிக்க வேண்டும் என்று ஊர் சொன்னதை மறுத்தார். வேங்கடவனே தன் கணவன் என்று சொல்லி, ஊரார் ஏச்சைத் தாங்கிக்கொண்டு, பிறகு மலைக்கே வந்து சேர்ந்தார். வேங்கடாசல மாகாத்மியம், துவிபத பாகவதம் முதலான நூல்களைத் தெலுங்கில் எழுதினார். ஒவ்வொரு நூலிலும் தரிகொண்டா நரசிம்மரை வணங்கி, தன் கோத்திரத்தையும் தந்தை கிருஷ்ணய்யாவையும் சொல்லித் தன்னை யாரென்று காட்டிக்கொள்வது அவர் வழக்கம். விதவைப் பெண்ணுக்குப் பெயரே வேண்டாம் என்றிருந்த ஊரிலிருந்து வந்தவர் தன் முகவரியை அப்படி நிலைநாட்டினார். 1817இல் மறைந்தார். அவருடைய பிருந்தாவனம் திருமலையிலேயே இருக்கிறது. இன்று மலையில் பசியோடு வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் அன்னதானக் கூடம் அவர் பெயரில்தான் நடக்கிறது.

சாமவையின் வெள்ளித் திருமேனியும் வெங்கமாம்பாவின் பக்தியும் சந்திக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அது இரவின் கடைசிச் சேவை, ஏகாந்த சேவை. நாள் முழுதும் வந்த கூட்டம் வடிந்திருக்கும். சயன மண்டபத்தில் வெள்ளிச் சங்கிலிகளில் கட்டில் தொங்கும். அதன்மேல் பட்டு மெத்தை. போக ஸ்ரீநிவாசரை மூலவரின் திருவடியிலிருந்து எடுத்து வந்து அதில் பள்ளி கொள்ளச் செய்வார்கள். சூடான பால், பழம், பாதாம் முந்திரி நிவேதனம். அன்னமாச்சாரியாரின் தாள்ளபாக்க வம்சத்தவர் தாலாட்டுப் பாடுவார். தட்டில் முத்துகளை வைத்து எடுக்கும் வெங்கமாம்பாவின் முத்தியால ஆரத்தியோடு அந்த நாள் முடியும். சாமவை செய்து கொடுத்த திருமேனிக்கு வெங்கமாம்பா ஏற்படுத்திய ஆரத்தி. ஒருவர் தமிழில் எழுதவைத்தவர், இன்னொருவர் தெலுங்கில் எழுதியவர். இருவருக்கும் நடுவே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இடைவெளி. மார்கழியில் மட்டும் கட்டிலில் ஸ்ரீகிருஷ்ணர் பள்ளிகொள்வார். மற்ற மாதங்களில் அந்தக் கட்டில் போக ஸ்ரீநிவாசருக்குத்தான். ஒரு பெண்ணின் கொடையும் இன்னொரு பெண்ணின் பாட்டும் சேர்ந்துதான் திருமலை தூங்கப்போகிறது.

இத்தனையும் நமக்குப் படிக்கக் கிடைத்ததற்கு ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். 1920களில் தேவஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் திரட்டும் வேலை சாது சுப்பிரமணிய சாஸ்திரியிடம் வந்தது. திருமலை, திருப்பதி, திருச்சானூர் என்று சுவர் சுவராகப் படியெடுத்தார். 1,100க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் திரண்டன. மிகப் பெரும்பான்மை தமிழ். தெலுங்கும் கன்னடமும் சிறு பகுதி. 1931 முதல் அவை தொகுதி தொகுதியாக அச்சேறின. சாமவையின் கொடை முதல் தொகுதியிலேயே வருகிறது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை வட ஆர்க்காட்டோடு இருந்த ஊர்களுக்கு, மலைக் கல்வெட்டுகள் தமிழில் இருப்பது ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. ஆனாலும் பிறந்த நாள் முதல் கோவிந்தா சொல்லி வளர்ந்தவர்களிடம் சாமவை யார் என்று கேட்டால் பதில் வருவது அரிது. போக ஸ்ரீநிவாசருக்கு சகஸ்ர கலசாபிஷேகம் செய்து சாமவையின் கொடையைத் தேவஸ்தானம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. அந்தச் செய்தி நாளிதழின் உள்பக்கத்தோடு நின்றுவிடுகிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடமாக அது வந்தால் எத்தனை பெண் குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்!

சாமவையின் கல்வெட்டைப் படிக்கப் படிக்க நம் வீட்டு நிலைமைதான் உறுத்துகிறது. அவருக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டன. நம் பெண்களுக்கு என்ன நடக்கிறது? கல்யாணம்வரை அப்பாவின் இனிஷியல். கல்யாணம் ஆன மறுநாள் அது போய்க் கணவரின் இனிஷியல். வாக்காளர் பட்டியலில் உறவினர் ஒருவரின் பெயருக்கு மட்டும் இடம். கணவர் பெயர் ஏறியதும் பிறந்த வீட்டுத் தடயம் அங்கே அறுந்துவிடுகிறது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது மட்டும் நிற்கிறது. இரண்டு தலைமுறை கழிந்தால், கொள்ளுப்பாட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று சொல்ல வீட்டில் யாரும் இருப்பதில்லை. ஆண் வழியில் ஏழு தலைமுறை ஒப்பிக்கிறவர்கள்கூட அம்மாவின் அம்மாவுடைய அம்மா பெயரைக் கேட்டால் மௌனமாகிவிடுகிறார்கள். வெறும் நினைவை நம்பி விட்டுவிட்டதன் பலன் இது. சாமவையின் கல்வெட்டில்கூட அவருடைய தாய் பெயர் இல்லை. ஆயிரம் ஆண்டாக நிரப்பப்படாமல் கிடக்கும் இடம் அது.

ஆனாலும் அந்தத் தடயம் முழுவதும் போய்விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெற்றோர் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கும். பழைய கிரயப் பத்திரத்தில் "இன்னாரின் குமாரத்தியும் இன்னாரின் மனைவியுமான" என்று சாமவையின் கல்வெட்டு முறையிலேயே எழுதியிருப்பார்கள். பித்தளை அண்டாவின் விளிம்பில் சீராக வந்த பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். ஊர்க் கோயிலில் உபயமாகக் கொடுத்த மணியிலும் விளக்கிலும் பாட்டிமார் பெயர் உண்டு. திருப்பணி என்ற பெயரில் பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு வழவழப்பான கல் பதிக்கும்போது இவையெல்லாம் போய்விடுகின்றன. திருப்புல்லாணி தாசர் ஆளும் உளியும் வைத்து, மன்னன் அனுமதி வாங்கிச் செய்ததை இன்று கையில் உள்ள ஒரு செல்போனால் செய்துவிடலாம். கல்லைப் பெயர்ப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும்.

இந்தப் புரட்டாசிக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா வழிப் பாட்டி பெயர், அவர் பிறந்த ஊர், அவருடைய தாய் பெயர், அந்தத் தாய் பிறந்த ஊர் இவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போடுமுன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் அந்த நோட்டைக் காட்டுங்கள். சாமவைக்குக் கல் கிடைத்தது, வெங்கமாம்பாவுக்கு ஏடு கிடைத்தது. நம் பாட்டிமாருக்கு ஒரு நோட்டாவது கிடைக்கட்டும்.